புரியும் ஹுரியும்: ஓசூர் எல்லையில் முறுக்கும் பின்னலும்

நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கிவரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேங்கி நிற்பது கெலவரப்பள்ளி அணையில். முழு நீர்மட்டம் 44.28 அடி. இடது, வலது கால்வாய்கள் இரண்டையும் நம்பி 8,000 ஏக்கர் இருக்கிறது. செய்திகளில் இவ்வூர்ப் பெயர் அடிபடுவது பெரும்பாலும் நுரைக்காக. பெருநகரத்தின் கழிவு கலந்து வரும் தண்ணீர் மதகைத் தாண்டியதும் வெண்ணுரையாகப் பொங்கி வழியும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இவ்வூர்ப் பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் 'பள்ளி'யில்தான் வேலை.

ஓசூர் வட்டாரத்தில் ஊர்ப்பெயர்கள் பலவும் 'பள்ளி' என்று முடியும்: கெலவரப்பள்ளி, உத்தனப்பள்ளி. எல்லையைத் தாண்டிப் பெங்களூர்ப் பக்கம் போனால் பொம்மனஹள்ளி, மாரத்தஹள்ளி. இரண்டும் ஒரே சொல்தான். பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம், ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டு தொடங்கி, மெல்ல மெல்ல ஹகரமாக மாறியது. 941இல் பாரதக் கதையைக் கன்னடத்தில் பாடிய பம்பனின் மொழியில் பகரமே ஆட்சி செய்கிறது. பிறகு பால் 'ஹாலு' ஆயிற்று, பத்து 'ஹத்து' ஆயிற்று, புலி 'ஹுலி' ஆயிற்று, பூ 'ஹூ' ஆயிற்று. தமிழும் தெலுங்கும் இந்த மாற்றத்தில் சேரவில்லை. ஓசூர் என்ற பெயரே கன்னடம். 'ஹொச' என்றால் புதிய. அதுவும் பழங்கன்னடத்தில் 'பொச'வாக இருந்ததுதான். ஆக, மாறிய ஒலியை நகரம் தாங்கி நிற்கிறது, மாறாத ஒலியைப் பக்கத்து அணைக்கட்டு ஊர் தாங்கி நிற்கிறது.

இதே மாற்றம் கயிற்றிலும் நடந்திருக்கிறது. இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்த்தால் கிடைப்பது தமிழில் புரி, தெலுங்கிலும் புரி, கன்னடத்தில் ஹுரி. தமிழில் பிணை என்பது கன்னடத்தில் ஹெணெ. கூடை பின்னுவதற்கும் சடை பின்னுவதற்கும் அங்கே அந்தச் சொல்தான். தெலுங்கில் இதன் உறவு 'பென' என்ற அடியில் தெரிகிறது. நூல் மூன்றிலும் நூல்தான், உகரம் ஒட்டிக்கொள்வதைத் தவிர. நெய் என்ற வினையும் கன்னடத்தில் நேய், தெலுங்கில் நேயு. டி. பர்ரோவும் எம். பி. எமனோவும் 1961இல் வெளியிட்டு, 1984இல் விரித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுகிறவர் இந்தக் குடும்பங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம். புத்தகத்தில் காண்பது வேறு, ஒரே சந்தையில் மூன்றையும் காதால் கேட்பது வேறு. அதற்கு ஓசூர் வரவேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த வேலைகளுக்குச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. ட்விஸ்ட், ட்வைன், பிரெய்ட், பிளெய்ட், வீவ், நிட், ஸ்ப்ளைஸ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவை வந்த வழிகள் பலவாக இருப்பதே குவியலுக்குக் காரணம். ட்விஸ்டும் ட்வைனும் பழைய ஆங்கிலத்துச் சொந்தச் சரக்கு. இரண்டின் அடியிலும் 'இரண்டு' என்ற எண் ஒளிந்திருக்கிறது, ஏனென்றால் முறுக்க இரண்டு இழையாவது வேண்டும். நிட் என்பதும் அவ்வூர்ச் சொல்தான். முடிச்சைக் குறிக்கும் 'நாட்' என்பதன் உடன்பிறப்பு. பிளெய்ட் பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் மூலத்துக்கு மடிப்பு என்று பொருள். கயிற்றின் இரு முனைகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுத்தி இணைக்கும் ஸ்ப்ளைஸ் டச்சு மாலுமிகள் கொடுத்தது. டெக்ஸ்ட், டெக்ஸ்டைல், டிஷ்யூ மூன்றுக்கும் நெய்தலைக் குறித்த ஒரே லத்தீன் வினை தாய். இவ்வளவு இருந்தும் அன்றாடப் பேச்சில் வீவ் என்ற ஒரே வினையால் துணி, கூடை, பாய் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள ஆங்கிலத்தால் முடிகிறது.

தமிழில் அது நடக்காது. பூத் தொடுக்கும் பெண்ணிடம் "பூ நெய்கிறாயா?" என்று கேட்டால் சிரிப்பாள். தறிக்காரரிடம் "சேலை பின்னுகிறீர்களா?" என்றாலும் அதே கதிதான். பஞ்சை நூற்கிறோம், நூலை முறுக்குகிறோம், கயிற்றைத் திரிக்கிறோம், துணியை நெய்கிறோம், பாயையும் கீற்றையும் முடைகிறோம், கூரையை வேய்கிறோம், சடையைப் பின்னுகிறோம், பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம். இவை ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் அல்ல. ஒவ்வொரு வினையும் கையின் ஓர் அசைவை வரையறுக்கிறது. நெய்ய வேண்டுமானால் ஒரு தொகுதி இழை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு தொகுதி அதன் ஊடே மேலும் கீழுமாகப் போய்வர வேண்டும். பின்னலில் இழுத்துக் கட்டியது என்று எதுவும் இல்லை. எல்லாப் புரிகளும் சாய்வாக ஒன்றையொன்று தாண்டிக்கொண்டே போகும். முடைவதற்கு ஓலை, மூங்கில் போலத் தன் விறைப்பைத் தானே காத்துக்கொள்ளும் பொருள் வேண்டும். தொடுப்பதில் நார் ஒன்றுதான் இழை, மலர் அதில் ஏறும் சுமை. கோப்பதில் பொருளைத் துளைத்தாக வேண்டும்; தொடுப்பதில் துளைக்கக் கூடாது. சாமந்தியை ஊசியால் கோக்கலாம், மல்லிகை மொட்டை நாரில் தொடுப்பதுதான் அழகு.

தறியில் இழுத்துக் கட்டிய இழைத் தொகுதிக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. ஊடு என்றால் இடை, ஆகவே ஊடை என்பது இடையில் செல்வது. கன்னடத்தில் பாவுக்கு 'ஹாசு', ஊடைக்கு 'ஹொக்கு'. ஹாசு என்றால் விரித்தது. ஹகரத்தைப் பகரமாக்கிப் பாருங்கள், 'பாசு', நம் பாவின் உறவு. ஹொக்கு என்றால் புகுந்தது. நம் 'புக்கு' என்ற பழைய வினையெச்சமே அது. எதிலும் பரவிக் கிடப்பதைத் தமிழர் 'ஊடும் பாவுமாக' என்கிறோம், கன்னடர் 'ஹாசுஹொக்கு' என்கிறார்கள். தெலுங்கில் மட்டும் 'படுகு, பேக' என்று வேறு இணை. இந்த எல்லையில் பல தலைமுறையாகத் தறி ஓட்டியவர்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் தேவாங்கர் போன்ற சமூகத்தார் உண்டு. தறிக்கு முன்னால் தமிழ், அடுப்படியில் இன்னொரு மொழி என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை.

முறுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பருத்தி இழையின் நீளம் பொதுவாக 3 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்தால் வழுக்கிப் பிரிந்துவிடும். முறுக்கியபின் இழுத்தால், இழுக்கிற விசையே இழைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட உராய்வு கூடுகிறது, வழுக்க இடமில்லை. ஒற்றை நூலை ஒரு திசையில் முறுக்கி, அப்படிப்பட்ட இரண்டு மூன்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால், ஒன்று பிரிய நினைக்கும்போது மற்றது இறுகும். தேர்வடம் வரை எல்லாக் கயிறும் நிற்பது இந்த எதிர்ப்பில்தான். ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரரின் தேரை இழுப்பவர்களும் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்கிறார்கள்.

ஆலைகளில் இந்த இரு திசைகளையும் 'எஸ்', 'இசட்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் முறுக்கின் கோடு எந்த எழுத்தின் நடுக்கோட்டைப் போலச் சாய்கிறதோ அதுவே பெயர். நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழில் வலம்புரி, இடம்புரி என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் இருப்பதும் முறுக்கைக் குறிக்கும் அதே புரிதான். அவற்றைச் சங்குக்கு மட்டும் விட்டுவிட்டோம். எடுத்துப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்: நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை விலங்கியலார் இடப்பக்கச் சுழி என்பார்கள். அவர்கள் சங்கின் கூம்பை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நம் மரபு வேறு விதமாகப் பிடித்துப் பார்க்கிறது. நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை, எந்த முனையைத் தூக்கினாலும் முறுக்கின் திசை மாறாது. வலப்பக்கம் ஏறும் இசட் முறுக்கை வலம்புரி என்றும் எஸ் முறுக்கை இடம்புரி என்றும் பாடநூலில் ஒரு முறை வரையறுத்துவிட்டால் போதும். தொழிற்பயிற்சி மாணவனுக்கு எந்தக் குழப்பமும் வராது.

கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ்நாட்டின் முதன்மையான பட்டு மாவட்டங்களில் ஒன்று. பட்டுப்புழு, மல்பெரி இரண்டின் மரபு வகைகளைச் சேமித்து வைக்கும் மத்திய மையம் ஓசூரில் இருக்கிறது. மாநில அரசின் பட்டு வளர்ச்சிப் பயிற்சி நிலையமும் இங்கேதான். இந்தத் தட்பவெப்பம் புழுவுக்கு ஏற்றது. எல்லைக்கு அப்பால் ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தை, சிட்லகட்டாவின் நூற்பு என்று பட்டின் பெரிய உலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

பட்டுப்புழு செய்வதை ஆங்கிலம் 'ஸ்பின்' என்கிறது, அதாவது நூற்பது. அறிவியல் கண்ணால் பார்த்தால் அது சரியல்ல. புழுவின் உடலில் இரண்டு சுரப்பிகள். இரண்டிலிருந்தும் வரும் திரவம் வாயருகே ஒன்றுசேர்ந்து, இழுபட்டு இறுகி, செரிசின் என்ற பசையால் ஒட்டிய ஒரே இழையாக வெளிவருகிறது. அதில் முறுக்கே கிடையாது. புழு தலையை எட்டு போட்டபடி ஆட்டி, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றி அந்த இழையை அடுக்குகிறது. தமிழ் இதைக் 'கூடு கட்டுதல்' என்கிறது. கன்னடத்தில் 'கூடு' என்பதன் முதலெழுத்து மெலிந்து ஒலிக்கும், அவ்வளவுதான், வினை அதே 'கட்டு'. தெலுங்கிலும் அப்படியே. மூன்று மொழி உழவர்களும் புழு நூற்கிறது என்று சொல்லாமல் கட்டுகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர்களின் வினை ஆங்கிலத்தின் வினையைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதே என் தீர்ப்பு.

முறுக்கு மனிதன் சேர்ப்பது. நல்ல இருவழிக் கலப்பினக் கூடு ஒன்றிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இழை கிடைக்கும். தனி இழை கண்ணுக்கே பிடிபடாத மெல்லியது. ஏழெட்டுக் கூடுகளை வெந்நீரில் இளக்கி, அவற்றின் முனைகளைச் சேர்த்துச் சுற்றி எடுத்தால் 20, 22 டெனியர் கச்சாப் பட்டு. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது. கச்சாப் பட்டை அப்படியே பாவாக்க முடியாது. ஒரு பக்கம் முறுக்கி, இரண்டைச் சேர்த்து, மறுபக்கம் முறுக்கி ஏற்றுவார்கள். இதைத்தான் முறுக்குப் பட்டு என்கிறோம். அது காஞ்சிபுரம் போன பின் தறியில் இன்னும் பல வினைகள் காத்திருக்கின்றன. உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வேண்டுமென்றால், கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு மூன்று நாடாக்களால் நெய்கிறார்கள்; அது கோர்வை. முந்தானை நிறம் மாறுகிற இடத்தில் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைக் கையால் இணைக்கிறார்கள், அது பிட்னி. கோர்வை என்ற பெயர் கோ என்ற வினையிலிருந்து வந்தது. மணி கோக்கும் வினை பட்டுத் தறிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

புழு கூடு கட்டுவதற்கு முன்னால் இன்னொரு பின்னல் இருக்கிறது. கூடு கட்டும் பருவம் வந்த புழுவைச் சந்திரிகையில் விடுவார்கள். மூங்கில் பிளாச்சுப் பாயின்மேல், மூங்கில் பட்டையை நிற்க வைத்துச் சுருள் சுருளாக வளைத்துக் கட்டிய தட்டி அது. சுருளின் இடைவெளிக்குள் புழு புகுந்து தன் கூட்டைக் கட்டும். ஒரு சந்திரிகையில் ஆயிரம் புழுக்களுக்குக் குறையாமல் விடலாம். இந்தப் பக்கத்து மலைக்காடுகளில் மூங்கில் உண்டு. மூங்கில் வேலையையே குலத்தொழிலாகக் கொண்ட மேதரர் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டின் வடபகுதியிலும் பரவியிருக்கிறார்கள். சந்திரிகை, முறம், தட்டுக்கூடை எல்லாம் அவர்கள் கைவேலை. இப்போது பல வளர்ப்புமனைகளில் மடக்கி வைக்கக்கூடிய பிளாஸ்டிக் 'நேத்ரிகா' வந்துவிட்டது. கழுவ எளிது, கிருமி தங்காது, இடம் குறைவு. விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிளாச்சு சீவுவது, பட்டை வளைப்பது, விளிம்பு கட்டுவது ஆகிய வேலைகளுக்கு இருந்த சொற்களைக் கேட்க இனி ஆள் தேடவேண்டும்.

பூவுக்கு வருவோம். அணைப் பாசனத்திலும் பாகலூர், சூளகிரி, கெலமங்கலம் பக்கங்களிலும் விளையும் சாமந்தியும் செண்டுமல்லியும் பட்டன் ரோஜாவும் எல்லையின் இருபுறமும் போகின்றன. பூ கட்டுவதில் நெருக்கமாகக் கட்டுவது ஒன்று, கலக்கமாகக் கட்டுவது ஒன்று, விலையும் அதற்கேற்ப. கட்டிய சரத்தை அளப்பது முழத்தால். கன்னடத்தில் அது மொள, தெலுங்கில் மூர. மூன்றும் ஒரே சொல்லின் மூன்று உச்சரிப்புகள், மூன்றும் முழங்கையைத்தான் அளவுகோலாகக் காட்டுகின்றன. கட்டு என்ற வினைக்கோ உச்சரிப்பு மாற்றம்கூட இல்லை. பூ கட்டு, ஹூ கட்டு, பூலு கட்டு. மொழி தெரியாத ஆளிடமும் வேலை சொல்லிவிடலாம்.

பழந்தமிழில் இந்த ஒரே வேலைக்கு எத்தனை பெயர் இருந்தது என்று நிகண்டுகளில் பார்க்கலாம். மாலை, கண்ணி, தார், கோதை, தெரியல், அலங்கல், தொடையல், பிணையல். கட்டிய விதமும் அணிகிற இடமும் மாறினால் பெயரும் மாறியது. தொடுத்தால் தொடையல், பிணைத்தால் பிணையல். இவற்றில் இன்று கடைத்தெருவில் உயிரோடிருப்பது மாலை ஒன்றுதான்.

ஓசூரை உலகுக்குக் காட்டிய பூவோ நாரையே பார்க்காதது. பசுமைக்குடிலில் வளரும் நீண்ட காம்பு ரோஜாவைத் தொடுப்பதும் இல்லை, கோப்பதும் இல்லை. 20 பூவை ஒரு கட்டாக அடுக்கி, அட்டையால் சுற்றி, குளிரூட்டிய வண்டியில் ஏற்றுகிறார்கள். பிப்ரவரி நடுவில் வெளிநாட்டுக்குப் பறப்பது அதுதான். வினையாக இருந்த கட்டு இங்கே எண்ணிக்கையாகிவிட்டது.

இப்படி இருந்தும் எல்லா வினைகளிலும் நன்றாகப் பிழைத்துக்கொண்டது கட்டுதான். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரில் எழுந்த கொட்டகைகளையும் அடுக்குமாடிகளையும் பாருங்கள். கான்கிரீட் ஊற்றுமுன் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, மெல்லிய கட்டுக்கம்பியால் சந்திப்பு தோறும் முறுக்கி இறுக்குகிறவருக்குக் கம்பி கட்டுபவர் என்று பெயர். அவர் செய்வது முறுக்குவதுதான், ஆனால் பெயர் கட்டு. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் எடுத்துச் செல்லும் கடையில் தாமிரக் கம்பியைப் புதிதாகச் சுற்றுவதற்குக் 'காயில் கட்டுவது' என்று பெயர். அங்கே நடப்பது சுற்றுவது, பெயர் மறுபடியும் கட்டு. வீடும் கட்டு, கூடும் கட்டு, சீட்டும் கட்டு. ஆனால் வாகன ஆலைக்குள் பல நிற வயர்களைக் கிளை கிளையாகப் பிரித்துச் சேர்த்துச் சுற்றும் வேலைக்கு 'ஹார்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லே நின்றுவிட்டது. வாசல்வரை வந்த கட்டு அந்த மேசைவரை போகவில்லை. வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களின் மொழி எதுவோ அதுவே சொல்லையும் கொடுக்கிறது. ஆலைக்குப் பயிற்சி ஆங்கிலத்தில் வந்தது, கட்டடத்துக்கு மேஸ்திரி மொழியில் வந்தது. கதையில் வரும் திருப்பத்தைக்கூட 'ட்விஸ்ட்' என்று எழுதும் சினிமா விமர்சகர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஆங்கிலத்துக்கும் இந்தக் கட்டு ஒரு முறை போயிருக்கிறது. ஆணியே இல்லாமல் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் விட்ட கட்டுமரம், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காதில் விழுந்து கேட்டமரான் ஆயிற்று. 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரண்டு உடல் கொண்ட நவீனப் படகு. அதில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை. கட்டுமரத்தைப் பிணைத்த கயிறும் மலையாளத்துக் கயர் வழியாகப் போய்க் காயர் என்று ஆங்கிலத்தில் வாழ்கிறது.

முறுக்கும் நெசவும் எழுத்தின் பெயராகிவிடுவது லத்தீனில் மட்டும் நடந்ததன்று. தமிழில் நூல் என்றால் இழையும் புத்தகமும். பனுவல் என்றால் நூற்ற பஞ்சும் ஆக்கிய பாட்டும். பா என்பது செய்யுள், தறியில் அது பாவு. யாப்பு என்றால் கட்டு. தொடை என்றால் எதுகை, மோனை முதலியவற்றால் அடிகளைத் தொடுப்பது. தொல்காப்பியச் செய்யுளியலின் தொடைக் கணக்கை இளம்பூரணர் 13,699 என்றும் பேராசிரியர் 13,708 என்றும் கொள்கிறார்கள். ஒன்பது தொடைக்காக உரையாசிரியர்கள் மாறுபட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் காலத்தின் கவனத்தைக் காட்டுகிறது.

இந்த உவமையை முழுமையாக நெய்து காட்டியவர் பவணந்தி. நன்னூலின் பொதுப் பாயிரத்தில் சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் என்று ஒவ்வோர் உறுப்பாகப் பொருத்துகிறார். அடுத்த நூற்பாவில் தச்சனின் நூலை எடுத்துக்கொண்டு, மரத்தின் கோணலை அது தீர்ப்பதுபோல இலக்கண நூல் மனக்கோணலை நீக்கும் என்கிறார். அவரை ஆதரித்த சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கங்கச் சிற்றரசன். கல்வெட்டுகளில் குவளாலபுரத்துக்கு உரியவன் என்ற பட்டத்தோடு வருகிறவன். குவளாலபுரம் இன்றைய கோலார். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம்தான். தமிழ் இலக்கண நூல்களில் மிகுதியாகப் படிக்கப்பட்ட ஒன்று, கங்கர் மரபில் வந்த ஒருவனின் ஆதரவில் எழுதப்பட்டது என்பதை எல்லைத் தகராறு பேசுகிறவர்கள் இருபுறத்திலும் நினைவில் வைப்பது நல்லது.

பவணந்தி நூற்பவளைப் பெண்ணாக வைத்ததும் தற்செயல் இல்லை. கபிலர் பாடிய நற்றிணை 353ஆம் பாட்டில் மலைமேல் படரும் மேகத்துக்கு உவமையாக வருவது ஆண்துணை இல்லாத பெண்கள் நூற்ற நுண்ணிய நூல். புறநானூற்று 326ஆம் பாட்டில் பருத்தி நூற்கும் பெண் இரவில் சிறுவிளக்கொளியில் வருகிறாள். துணையற்றவளுக்கு நூற்பு ஒன்றே வருவாய் என்பதை இந்தப் பாட்டுகள் போகிற போக்கில் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் நூற்பவள் என்று பொருள்பட்ட ஸ்பின்ஸ்டர் 17ஆம் நூற்றாண்டுக்குள் சட்ட ஆவணங்களில் மணமாகாதவளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இரு நாட்டிலும் வறுமையின் கணக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. இன்றும் முழக் கணக்கில் கூலி வாங்கிப் பூக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வினைகளைச் சேகரித்து வைக்கும் வேலை நடக்காத வேலை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. புரிக்கும் திரிக்கும் அதில் நல்ல பதிவுகள் உண்டு. ஆனால் அதன் சான்றுகள் பெரும்பாலும் ஏட்டிலிருந்து எடுத்தவை. தொழிலாளியின் வாயிலிருந்து சொல்லை எடுக்கும் முறையைத் தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி செய்து காட்டினார். அவருடைய வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி உழவு, 1962இல் வந்தது. இரண்டாவது கைத்தறி, 1971. தமிழில் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்குத் தனி ஆளாக 1982இல் ஓர் அகராதி தந்தார். அது அந்த மண்ணின் பேச்சுக்கு. தொழில் தொழிலாகப் பிரித்துச் செய்தது அல்ல.

ஓசூர் எல்லைக்கு வேண்டியது மூன்று பத்திகள் கொண்ட ஒரு தொழிற்சொல் அகராதி. தமிழ், கன்னடம், தெலுங்கு. பட்டு, பூ, மூங்கில், தறி, கயிறு என்று ஐந்து தொழிலோடு தொடங்கினால் போதும். பட்டு வளர்ச்சித் துறைக்கு ஊர் ஊராகப் போகும் ஊழியர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மொழித்துறைகளில் ஆய்வுத் தலைப்புக்கு அலையும் மாணவர்கள் இருக்கிறார்கள்; சங்க இலக்கியத்தில் இன்னொரு உவமையை எண்ணுவதைவிட இது பயனுள்ள ஆய்வு என்பேன். சந்திரிகை முடையத் தெரிந்த மேதரர் முதியவர்களிடமிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பூக்காரர்களும் கம்பி கட்டுபவர்களும் இன்னும் நெடுநாள் இருப்பார்கள், இந்த முதியவர்கள் இருக்கமாட்டார்கள்.